இட்டேரிக்கு விளக்குப் போட்ட மகனுக்கு

அன்புள்ள கண்ணு,

ஒரே தோட்டத்துக்குள் கூப்பிடு தூரத்தில் இருக்கிற மகனுக்குத் தாய் கடிதம் எழுதினால் ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். நேரில் பேச ஆரம்பித்தால் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் உன் போன் அடிக்கும். இல்லையென்றால் "ஏனுங்க தலைவருங்களே" என்று யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். நீயும் "சித்தெ இரும்மா, வாரேன்" என்று எழுந்து போய்விடுவாய். நீ பஞ்சாயத்துத் தலைவரான நாளிலிருந்து, இந்த மூன்று வருஷமாக, அந்தச் 'சித்தெ' நேரம் இன்னும் முடியவில்லை. கடிதத்தில் நீ எழுந்து போகவும் முடியாது, குறுக்கே பேசவும் முடியாது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், எலும்பு முறிந்த பெண்களைப் போட்டிருக்கும் வார்டுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே மாராத்தாள் தூங்குகிறாள். அவள் மகன் லாரி ஏறி வடக்கே போயிருக்கிறான். மருமகள் மில்லுக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும். அதனால் அடுத்த வீட்டுக்காரியான நான்தான் துணைக்கு இருக்கிறேன். எனக்கு இப்போது கோபம் தலைக்கு ஏறியிருக்கிறது. உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் என் குரலைக் கேட்டதுமே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்று மேட்டுப் பக்கம் போயிருப்பார். அவர் இல்லை, நீ இருக்கிறாய், அதனால் நீயே கேட்டுக்கொள்.

நேற்று மத்தியானம் அவளைப் பார்க்க வந்தாய். கூடவே நாலு பேர். ஒருவர் கையில் ஆப்பிள் பை, இன்னொருவர் கையில் சத்துமாவு டப்பா. கட்டிலோரம் குனிந்து, "சின்னம்மா, என்ன வேணும்னாலும் கூச்சப்படாமக் கேளுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னாய். இடுப்புக்குக் கீழே அசைக்க முடியாமல் கிடந்தவள், முதலில் சேலைத் தலைப்பைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "எனக்கொரு கொறையும் இல்லைங் கண்ணு. நீ இத்தன தூரம் வந்ததே போதும். சாப்பிட்டயா சாமி?" என்றாள். உன் முகம் மலர்ந்துபோனது. இந்த நிலைமையிலும் நம்மைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள் பாருங்கள் என்று கூட வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே படியிறங்கினாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உன்னைப் பெற்று வளர்த்ததில் எனக்கு அவமானமாக இருந்தது இரண்டு தடவைதான். அதில் ஒன்று நேற்று.

நம் பக்கத்துப் பேச்சு மரியாதைக்குப் பேர்போனது. தெருநாயைக்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவீர்களா என்று மதுரைப் பக்கத்துக்காரர்கள் நம்மைக் கேலி செய்வார்கள். அந்த மரியாதைக்குள் ஒரு வியாதியும் இருக்கிறது. வயிறு காய்ந்தாலும் "இப்பத்தானுங்க சாப்பிட்டேன்" என்போம். முழங்கால் வீங்கிக் கிடந்தாலும் "பரவாயில்லீங்க" என்போம். வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டு வாங்குவது நமக்குக் கேவலம். இந்த வருஷ ஆரம்பத்தில் வீடு வீடாகப் போய் வயசானவர்களைப் பார்த்து என்ன குறை என்று கேட்டாய். எந்தத் தலைவரும் செய்யாத காரியம் அது, எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. பின்னால் கிளார்க் நின்றார், வார்டு மெம்பர் நின்றார். முன்னால் நீ நின்றாய். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "ஒண்ணும் கொறையில்லீங்க, நீங்க நல்லா இருந்தாச் செரி." நீ அதை அப்படியே நம்பிவிட்டாய். மைக் பிடித்து, எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று அறிவித்தும் விட்டாய். அடே, நீயும் இந்த மண்ணில் பிறந்தவன்தானே? பந்தியில் பாயசம் போதும் என்று இலையை மறைக்கிறவனுக்கு இன்னொரு கரண்டி ஊற்றத் தெரிந்த உனக்கு, இந்த 'ஒண்ணுமில்லை'க்கு அர்த்தம் தெரியாமல் போனது எப்படி?

இனிச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். இது கக்கூஸ் விஷயம். மூக்கைப் பிடிக்காமல் படி. எழுபது வயசுக்காரி ஒருத்தி, தன் இடுப்பில் தூக்கி வைத்திருந்த பையன் தலைவராக வந்து நிற்கும்போது, நாலு ஆண்பிள்ளைகளுக்கு முன்னால், எனக்கு வெளிக்குப் போக இடம் இல்லை என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தாயா? செத்தாலும் சொல்லமாட்டாள். மாராத்தாள் கிட்டத்தட்டச் செத்துத்தான் போனாள், அப்போதும் சொல்லவில்லை.

ஊருக்கு மேற்கே ஒரு இட்டேரி இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவையும் கள்ளியுமாக வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற மண் தடம். நீ சின்னப் பையனாக இருந்தபோது காலையில் அந்தப் பக்கம் போனால் உன் காதைத் திருகி இழுத்து வருவேன். ஏன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அது பெண்கள் ஒதுங்குகிற இடம். விடிவதற்கு முன்னாலும் இருட்டிய பிறகும் நம் ஊர்ப் பெண்களுக்கு அந்த வேலிதான் கதவு. போன வருஷம் நீ வேலியை வெட்டினாய், தடத்தை அகலப்படுத்தினாய், தார் போட்டாய், கம்பத்துக்குக் கம்பம் டியூப் லைட் மாட்டினாய். தொண்டாமுத்தூர் போகிற பஸ் ஊருக்குள் வந்தது, தேங்காய் லாரி தோட்டத்து வாசலுக்கே வந்தது, காய்கறிக்காரர்கள் உனக்கு மாலை போட்டார்கள். ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ரோட்டில்தான் ஆம்புலன்ஸ் வந்து மாராத்தாளைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஆனால் வேலியை வெட்டின அன்றைக்கு, நாளைக் காலையில் இந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்று ஒரு ஆள் யோசித்தானா? என்ஜினீயர் யோசித்தானா, கான்ட்ராக்டர் யோசித்தானா, நீ யோசித்தாயா? வெட்டின கள்ளியை எங்கே கொட்டுவது என்பதற்கு மட்டும் ஒரு கூட்டமே போட்டீர்கள்.

இளவட்டங்கள் சமாளித்துக்கொண்டார்கள். மில்லுக்குப் போகிறவர்கள் மில்லில் போய்க்கொள்கிறார்கள். வயசானவர்களுக்கு வழி இல்லை. ரோட்டைத் தாண்டி, சோளக்காட்டு வரப்பில் நடந்து, ஓடைக்கரை வரைக்கும் போகவேண்டும். அதுவும் டியூப் லைட் வெளிச்சத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற ஆம்பிளைகள் பார்ப்பதற்கு முன்னால், இன்னும் நேரத்தோடு, இன்னும் இருட்டில். அந்த ஓடை வழியாகத்தான் மலையிலிருந்து யானை இறங்கும் என்பது உனக்குத் தெரியாததல்ல. வாழைக்கு யானை வராமல் இருக்க அகழி வெட்டச் சொல்லிக் கலெக்டர் வரைக்கும் போனவன் நீ. நல்ல காரியம். வாழைக்குப் போன நீ, அங்கே குந்தியிருக்கிற கிழவிகளுக்காக ஒரு படி ஏறியிருக்கலாம்.

அந்த ஓடைச் சரிவில்தான் மாராத்தாள் விழுந்தாள். தடுக்கி விழவில்லை, கண் இருட்டிக்கொண்டு வந்து விழுந்தாள். பால் கறக்கப் போன ஆள் முனகல் சத்தம் கேட்டுப் பார்த்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. இடுப்புக்கும் தொடைக்கும் சேருகிற இடத்தில் எலும்பு முறிந்திருக்கிறது. இங்கே பிளேட் வைத்துத் தைத்தார்கள். பார்த்த டாக்டர் பெண்பிள்ளை, உன் தங்கை வயசுதான் இருக்கும். எலும்பைவிட ரத்த டெஸ்டைப் பார்த்துத்தான் அதிகம் கோபப்பட்டது. உடம்பில் தண்ணீரே இல்லை, இப்படிக் காய்ந்துபோனால் தலைசுற்றாமல் என்ன செய்யும், ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்டது. மாராத்தாள் வழக்கம்போல, "தாகமே எடுக்கறதில்லீங்க அம்மணி" என்று சிரித்தாள். அந்தப் பெண் நம்பாமல் என்னைப் பார்த்தது.

டாக்டர் போனபின் நான் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அவள் சொன்னாள். இட்டேரி போனதிலிருந்து மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை. மோர் குடிப்பதில்லை. ராத்திரிச் சோற்றில் ரசம் ஊற்றிக்கொள்வதில்லை. நடுவில் எழுந்தால் ஓடைக்கு யார் துணைக்கு வருவார்கள்? எழாமல் இருப்பதற்கு ஒரே வழி குடிக்காமல் இருப்பதுதான். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே மாராத்தா என்று கேட்டேன். "எப்பிடிங்கக்கா சொல்லறது? உங்க பையன் ஊருக்கே நல்லது செஞ்சிருக்காரு. அவரு போட்ட ரோட்டை நானே கொறை சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவள் மேலும் வந்தது, உன் மேலும் வந்தது, அடுத்த வீட்டிலேயே இருந்துகொண்டு ஒன்றும் தெரியாமல் இருந்த என் மேலும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்க ஊருக்கு வந்தபோது உன் வீட்டுக்கு வராமல் கீழத்தெருவுக்குப் போனேன். வீட்டுக்கு வீடு அடுப்படிக்குள் போய் உட்கார்ந்து, ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒருத்திக்கு நீர்க்கடுப்பு மாறாமல் இருக்கிறது, சூடு என்று நினைத்து விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தி ராத்திரிச் சோற்றையே விட்டுவிட்டாள், விரதம் என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறாள். அந்த மருமகள் மாமியாருக்குப் பக்தி கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ வீடு வீடாகப் போய் வாங்கி வந்த 'ஒரு கொறையும் இல்லை' இதுதான்.

நம் ஊரில்தான் திட்டத்தில் வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டியாயிற்றே என்று நீ கேட்பாய். உன் கிளார்க் இந்நேரம் அதைத்தான் உன் காதில் சொல்லிக்கொண்டிருப்பார். மாராத்தாள் வீட்டுப் பின்பக்கமும் ஒன்று இருக்கிறது, சுவரில் மஞ்சள் பெயிண்டில் நம்பர்கூட எழுதியிருக்கிறது. உள்ளே யூரியா மூட்டையும் பழைய மோட்டார் பைப்பும் இருக்கின்றன. ஏன் என்று போய்ப் பார்த்தாயா? ஏறுவதற்கு முழங்கால் உயரத்தில் இரண்டு படி. உள்ளே திரும்ப இடமில்லை. பிடித்துக்கொள்ள ஒரு ஆணிகூடக் கிடையாது. தண்ணீரைக் குடத்தில் சுமந்துகொண்டு போகவேண்டும். கட்டின புதிதில் ஒரு நாள் மாராத்தாள் உள்ளே போய்க் குந்தினாள், எழுந்திருக்க முடியவில்லை. மகன் லாரியில், மருமகள் மில்லில். கூப்பிடுவதற்கும் வெட்கம். மருமகள் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டுகிற வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை, இடம் வீணாகிறதே என்று மூட்டையை அடுக்கிவிட்டார்கள். கட்டினவன் ஒரு கிழவியைக் கூப்பிட்டு, ஆத்தா, உட்கார்ந்து எழுந்து பாருங்கள் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். இந்த நாட்டில் திட்டம் போடுகிறவர்களுக்கெல்லாம் முழங்கால் நன்றாக இருக்கிறது போலிருக்கிறது.

இரண்டு தடவை அவமானப்பட்டேன் என்றேனே, முதல் தடவை எது என்று சொல்லிவிடுகிறேன். போன வருஷம் முதியோர் தினத்துக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் விழா எடுத்தாய். ஷாமியானா, மைக் செட், எங்களுக்கெல்லாம் பொன்னாடை. காலையிலேயே வேன் வைத்துக் கூட்டிவந்து நாற்காலியில் வரிசையாக உட்காரவைத்தாய். வரவேண்டிய பெரிய மனிதர் மத்தியானம் கழித்துத்தான் வந்தார். பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்த வாட்ச்மேன் லீவில் போயிருந்தான். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்தால் போட்டோ கெட்டுவிடும் என்று உன் ஆட்கள் அமர்த்தி வைத்தார்கள். அவர் வந்து, முதியவர்கள் நம் சமுதாயத்தின் கண்கள் என்று பேசிப் பொன்னாடை போர்த்திவிட்டுப் போனார். கூட்டம் கலைந்தபிறகும் ஒரு பெரியவர் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. பெயரைச் சொல்லமாட்டேன். உன் அப்பாவோடு சேர்ந்து ஏர் ஓட்டியவர், ஊரில் ஒருவரிடமும் தலைகுனிந்து நின்றறியாதவர். போர்த்தின பொன்னாடையை மடியில் போட்டு மூடிக்கொண்டு, "நீங்க போங்க, நான் பொறகு வாரனுங்க" என்று வேன்காரனை அனுப்பிவிட்டார். நாற்காலி அடுக்க வந்த பையன்கள் பார்த்துவிட்டார்கள், அதில் ஒருவன் சிரித்தும் விட்டான். அன்றிலிருந்து அவர் டீக்கடைக்கு வருவதில்லை, கோயிலுக்கு வருவதில்லை. அவருக்குக் கால் முடியவில்லை என்று நீ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அவருக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது.

உன்னை மட்டும் திட்டுவது நியாயமில்லை, உனக்கு மேலே இருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். இந்த 1999 உலகம் முழுக்க முதியோர் ஆண்டாம், பேப்பரில் படித்தேன். காலையில் மில் பஸ்ஸும் திருப்பூர் பஸ்ஸும் ஆட்களை அள்ளிக்கொண்டு போனபிறகு நம் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வா. நடமாடுகிறவர்கள் எல்லாம் நரைத்தவர்கள்தான். இரண்டோடு நிறுத்துங்கள் என்று சர்க்கார் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து சொன்னது. நாங்களும் நிறுத்தினோம், அதில் தப்பில்லை. அந்த இரண்டும் வேலைக்குப் போய்விட்டால் மிச்சம் இருக்கிற கிழடுகளை யார் பார்ப்பது என்று அன்றைக்குக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நர்சு வீட்டுக்கு வருகிறாள், கர்ப்பிணி இருக்கிறாளா, கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்கிறாள், இல்லையென்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். மாராத்தாள் முதியோர் பென்ஷன் கேட்டுப் போனபோது மகன் இருக்கிறானே என்று திருப்பி அனுப்பினார்கள். மகன் வருஷத்தில் பாதி நாள் லாரியில் இருக்கிறான் என்பது யாருக்கு வேண்டும்? பிறப்பதற்கு ஆயிரம் திட்டம் இருக்கிறது. செத்தால் எரிக்க நீ கூரை போட்டுக் கொடுத்திருக்கிறாய். நடுவில் வயசாகிறதே, அதற்குத்தான் ஒருவரிடமும் ஒன்றும் இல்லை.

உனக்கு இதெல்லாம் தெரியாது, செய்ய வராது என்றிருந்தால் நான் இவ்வளவு கோபப்படமாட்டேன். உன் அப்பாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துபோனபோது என்ன செய்தாய்? அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போக முடியாமல், குழந்தை மாதிரி அழுததை வாசலில் நின்று பார்த்தாய். பைக்கை எடுத்துக்கொண்டு டவுன்ஹால் பக்கம் போய் உட்காருகிற கக்கூஸ் கோப்பை ஒன்று வாங்கி வந்தாய். கொத்தனாரைக் கையோடு கூட்டிவந்து நம் வீட்டுப் பின்பக்கம் ஒரு அறை எழுப்பினாய். படியே இல்லாமல் சரிவாகத் தரை போடச் சொன்னாய். போர்வெல் போடுகிறவனிடம் மிச்சம் இருந்த இரும்புக் குழாயை வாங்கி, அப்பாவைச் சேரில் உட்காரவைத்து, "கை எதுவரைக்கும் எட்டுதுங்கப்பா?" என்று கேட்டுக் கேட்டுச் சுவரில் பதித்தாய். அவர் கடைசிவரை மானத்தோடு இருந்தார் என்றால் அது உன்னால்தான். அந்த அறையைத்தான் நான் இன்றும் உபயோகிக்கிறேன். எனக்கு ஊர்க் கஷ்டம் தெரியாமல் போனதற்கும் அதுதான் காரணம். உன் அப்பாவும் வாயைத் திறந்து உன்னிடம் எதுவும் கேட்கவில்லை, நீயாகப் பார்த்துப் புரிந்துகொண்டாய். அந்தக் கண் உனக்கு எங்கே போனது? தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்க மட்டும் ஆரம்பித்துவிட்டாய்.

இப்போது மண்டப விஷயத்துக்கு வருகிறேன். முதியோர் இளைப்பாறும் மண்டபம். வெள்ளிக்கிழமை, முதியோர் தினத்தன்று, அதே பெரிய மனிதரை வைத்து அடிக்கல் நாட்டப்போகிறாயாம். நோட்டீஸ் அடித்தாகிவிட்டது என்று நேற்று உன்னோடு வந்தவர் ஒன்றை என் கையிலும் கொடுத்தார். படம் நன்றாக இருக்கிறது. மழைத்தண்ணீர் ஏறாமல் இருக்க இடுப்பு உயரத்துக்கு மேடை, அதற்கு ஏழு படி, நாலு பக்கமும் தூண், நெற்றியில் உன் பெயரும் அவர் பெயரும் பொறித்த கல். கைப்பிடி இல்லை, கக்கூஸ் இல்லை, குடிக்கத் தண்ணீர்த் தொட்டி மட்டும் இருக்கிறது. தண்ணீரைக் குடித்துவிட்டு எங்கே போகச் சொல்கிறாய்? ஏழு படி ஏறுகிறவளுக்கு எதற்கடா இளைப்பாற மண்டபம்? சீட்டாடுகிற பையன்களுக்குத்தான் அது லாயக்கு. ஒரு வருஷத்தில் அவர்கள்தான் அங்கே இருப்பார்கள், நீயே பார்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், சட்டம் தெரியாது. மண்டபத்துக்கு ஒதுக்கினதை வேறு காரியத்துக்கு மாற்ற முடியாது, மேலிடத்தில் கேட்கவேண்டும் என்று சொல்லுவாய். கேள். யானை அகழிக்கு எத்தனை நடை நடந்தாய், அதில் பாதி நட. ஏற்கெனவே கட்டிப் பூட்டிக் கிடப்பதையெல்லாம் திறந்து, படியை இடித்துச் சரிவாக்கி, ஒரு கோப்பையும் இரண்டு குழாய்த் துண்டும் வைக்க மலையைப் புரட்டவேண்டியதில்லை. தெருக்குழாயை அதுவரைக்கும் இழுத்துவிடு. கீழத்தெருவில் வீட்டுக்குள் இடமே இல்லாதவர்களுக்குத் தெருமுனையில் பொதுவாக ஒன்று கட்டு. அதைக் கழுவ ஆள் போட்டு, அந்த ஆளுக்கு மாசாமாசம் சம்பளம் கொடு. இல்லாவிட்டால் அதுவும் மூட்டை போடும் இடமாகிவிடும். கட்டுகிறபோது கொத்தனாருக்குப் பக்கத்தில் ஒரு கிழவியை உட்காரவைத்து, கை எதுவரைக்கும் எட்டுகிறது என்று கேள். ஆனால் நீ கேட்காதே, நர்சை அனுப்பு, உன் பெண்டாட்டியை அனுப்பு. உன்னிடம் அவர்கள் வாயே திறக்கமாட்டார்கள்.

இதற்குக் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ அந்த அடிக்கல்லை நாட்டினாயானால், மறுநாள் காந்தி ஜெயந்திக் கிராம சபையில் நான் எழுந்து நின்று இதை முதலிலிருந்து கடைசிவரைக்கும் படிப்பேன். பெற்ற தாயே மகனை மானம் கெடுத்துவிட்டாள் என்று பேசுவார்கள். பேசட்டும், அந்தப் பெரியவர் பொன்னாடையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைவிட அது ஒன்றும் பெரிய மானக்கேடு இல்லை. மாராத்தாள் பெயரை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். ஆயா வந்து படுக்கையிலேயே இடுப்புக்கடியில் தட்டு வைத்து எடுத்துக்கொண்டு போன பிறகு அவள், "எழுதிக்கங்கக்கா. இங்க முன்னப்பின்ன தெரியாதவங்கெல்லாம் எனக்கு எல்லாம் செய்யறாங்க. இனி எனக்கென்ன வெக்கம்?" என்றாள்.

அவளை வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இனிமேல் ஆயுசுக்கும் கீழே குந்தக்கூடாது, குந்தினால் பிளேட் விட்டுப்போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறது. நேற்று நீ போனபின் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதுவும் கேட்டறியாதவள் ஒன்று கேட்டாள். "ஏனுங்கக்கா, இன்னொரு பத்து நாளைக்கு என்னை இங்கயே வெச்சிருக்கச் சொல்லி டாக்டரம்மாகிட்டச் சொல்லறீங்களா? இங்க இருந்தாத்தான் வேணுங்கற மட்டும் தண்ணி குடிக்க முடியுதுங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சொம்பை வாங்கி, அண்ணாந்து, மூச்சு விடாமல் குடித்தாள்.

உன் அம்மா